வந்த இடத்தில் ஒட்டுப் போர்வை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து சிங்கப்பூர் வந்திருக்கும் அம்மாக்கள், படிக்க வந்த பிள்ளைகள், கணவரின் வேலைக்காக ஓரிரு ஆண்டு இங்கே தங்கப் போகிறவர்கள். என்னிடம் அதிகம் கேட்பவர்கள் இவர்கள்தான். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதால் எழுதியே வைத்துவிட்டேன்.

ஒட்டுப் போர்வைக்கு மூன்று அடுக்கு உண்டு. மேலே, துண்டுகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி. நடுவில் பஞ்சு அல்லது பழந்துணி. அடியில் ஒரே அகலத் துணி. இங்கே சொல்லப்போவது மேல்துணியைப் பற்றி மட்டும்.

ஏன் மேல்துணி மட்டும்? முழுப் போர்வையையும் இங்கேயே முடித்துவிட்டால் என்ன?

முடிக்கலாம். நான் வேண்டாம் என்பேன். மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து இணைக்க, போர்வையைவிடப் பெரிய தரை வேண்டும். வாடகை அறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒருவர் நடக்கத்தான் இடம் இருக்கும். பஞ்சு சேர்ந்த போர்வை ஊருக்குப் போகும்போது பெட்டியில் பாதியை அடைத்துக்கொள்ளும். மேல்துணியோ 60 அங்குலத்துக்கு 80 அங்குலம் இருந்தாலும், சாதாரணப் பருத்தியில் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ எடைதான் வரும். இரண்டு சேலைகளுக்கு நடுவே செருகிவிடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. மேல்துணி என்பது துண்டு துண்டாக நிற்கும் வேலை. குழந்தை எழுந்துவிட்டது, குக்கர் விசில் அடிக்கிறது, வாசலில் யாரோ மணி அடிக்கிறார்கள் என்றால் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வரும்போது விட்ட இடம் தெரியும். மூன்றடுக்கு வேலையில் இந்தச் சௌகரியம் கிடையாது. அது தன் இடத்தையும் உங்கள் முழு மத்தியானத்தையும் கேட்கும்.

இந்த வெக்கையில் போர்வை எதற்கு, அக்கா?

ஏர்கானைப் போட்டுவிட்டு இழுத்துப் போர்த்திக்கொள்ளாத வீடு இந்தத் தீவில் இருந்தால் சொல்லுங்கள். அது போக, நீங்கள் தைப்பது ஊட்டியில் இருக்கும் தங்கைக்காகவோ லண்டனில் இருக்கும் மகனுக்காகவோ இருக்கலாம். கனமே வேண்டாம் என்றால் நடுவில் பஞ்சுக்குப் பதில் நைந்த வேட்டி ஒன்றை வைத்தால் போதும்.

கையால் தைப்பதா, மெஷினிலா?

வந்த இடத்தில் கைதான். கைத்தையல் உயர்ந்தது, மெஷின் தாழ்ந்தது என்ற கட்சி எனக்கு இல்லை. ஊரில் மெஷின் இருக்கிறது, திரும்பிப் போய்த்தான் இணைக்கப் போகிறீர்கள் என்றால், இங்கே துண்டுகளை வெட்டி அடுக்கி வைத்துக்கொள்ளலாம். அதுவும் வேலைதான். ஆனால் மூன்று மாதத் தங்கலுக்காக மெஷின் வாங்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் அதற்கும் மற்றவர்களின் தட்டுக்கும் தினமும் சண்டை வரும். அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் மெஷின் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.

உள்ளூரில் யாராவது இரவல் கொடுத்தால் மறுக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து மெஷின் கொண்டுவருபவர்கள் மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே 230 வோல்ட், இந்தியாவைப் போலவே. பிளக் மட்டும் மூன்று தட்டைக் கால் கொண்ட பிரிட்டிஷ் வகை. அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் மெஷினை மாற்றி இல்லாமல் செருகினால் அதோடு கதை முடிந்தது.

எந்த வடிவத்தில் தொடங்கலாம்?

முதலில் எவ்வளவு நாள் இங்கே இருக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வடிவம் அதற்கு அப்புறம்தான். பலரும் படத்தில் பார்த்த அறுகோணப் பூக்களில் மயங்கித் தொடங்கிவிட்டு, டப்பா நிறையப் பாதி வேலையோடு ஊர் திரும்புகிறார்கள். ஆகவே கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

பச்சைக் குழந்தைக்கான சிறு போர்வை, 35 அங்குலத்துக்கு 45 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். முடிந்தபின் 5 அங்குலம் நிற்கும் சதுரங்களால் தைத்தால் ஒரு வரிசைக்கு ஏழு, ஒன்பது வரிசை, மொத்தம் 63 சதுரம். குறுகிய தையல் 54, வரிசைகளை இணைக்கும் நீளத் தையல் எட்டு. எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 14 மீட்டர் தையல். அதே அளவுப் போர்வையை, பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ள அறுகோணங்களால் தைத்தால் 600 துண்டுக்கு மேல் வேண்டும், தையல் 40 மீட்டரைத் தாண்டும். பெரிய கட்டிலுக்கு, 60க்கு 80 என்று போனால் அந்தச் சின்ன அறுகோணம் 1850 அளவில் வேண்டும், தையல் 130 மீட்டருக்கு மேல். பக்கத்தை 2 அங்குலமாக்கினால் 460, 470 துண்டோடு முடியும்.

ஒரு மாத விசாவில் வந்த பாட்டிக்கு 63 சதுரம். ஓராண்டுக்கு மேல் தங்குபவர்கள், பொழுதும் பொறுமையும் உள்ளவர்கள், அறுகோணத்துக்குப் போகலாம். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதற்கும் வெளியே பன்னிரண்டு என 19 துண்டில் ஒரு பூ முழுமையாகும். அதை ஒரு கட்டமாக எடுத்துக்கொண்டு பூப்பூவாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒருவேளை போர்வை ஆகாவிட்டாலும் பூவுக்கு ஒரு மெத்தைத் தலையணை உறை உண்டு.

முக்கோணம், நட்சத்திரம் எல்லாம் இப்போது வேண்டாம். முக்கோணத்தில் ஒரு பக்கமாவது கிராஸாக, அதாவது நெசவு இழைக்குச் சாய்வாக, வந்துவிடும். கிராஸ் ஓரம் கையில் இழுபட்டு நீளும். மேசையில்லாமல் மடியில் வைத்துத் தைப்பவர்களுக்கு அது வீண் தலைவலி.

சதுரங்களைக் கையால் இணைப்பது எப்படி?

வெட்டும்போது நாலு பக்கமும் கால் அங்குலம் கூட விடுங்கள். 5 அங்குலச் சதுரம் வேண்டுமானால் 5½ அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். பிறகு துணியின் பின்பக்கம், தையல் ஓட வேண்டிய கோட்டைப் பென்சிலால் போடுங்கள். மெஷினில் விளிம்பை வைத்து ஓட்டிவிடலாம். கையில் கோடுதான் வழிகாட்டி.

இரண்டு சதுரங்களின் நல்ல பக்கத்தை உள்முகமாக வைத்து, கோட்டின் இரு முனையிலும் குண்டூசி குத்துங்கள். குண்டூசி இந்தப் பக்கக் கோட்டின் முனையில் நுழைந்து அந்தப் பக்கக் கோட்டின் முனையில் வெளிவர வேண்டும். அங்கேதான் எல்லாம் இருக்கிறது. முனை சரியாக இருந்தால் நடு தானாகச் சரியாகும். பிறகு ஓட்டத் தையல், அங்குலத்துக்கு எட்டிலிருந்து பத்து. ஊசியை ஒவ்வொரு தடவையும் இழுக்காமல் நாலைந்து தையலை ஊசியில் சேர்த்துக்கொண்டு ஒரேயடியாக இழுங்கள். அங்குலத்துக்கு ஒருமுறை ஒரு பின்தையல் (ஒரு தையல் பின்னால் போய்க் குத்தி முன்னால் எடுப்பது) போட்டால், நடுவில் எங்காவது நூல் அறுந்தாலும் பிரிசல் அங்கேயே நின்றுவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு பின்தையல். கோட்டின் முனைக்கு அப்பால், விளிம்பு வரை தைக்காதீர்கள். நாலு சதுரம் சந்திக்கும் மூலையில் மடிப்பைக் காற்றாடி இறக்கை மாதிரி சுற்றிச் சாய்த்தால்தான் முண்டு தட்டாது, அதற்கு மூலை கட்டில்லாமல் இருக்க வேண்டும்.

நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீள நூல் சிக்கும், துணிக்குள் போய் வந்து நைந்தும் விடும். ஊசி பத்தாம் எண். எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நடுவிரலுக்கு அங்குஸ்தான் (ஊசியைத் தள்ளும் விரலுறை) போட்டுப் பழகுவது நல்லது. பழகாதவர்கள் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம்.

காகிதம் வைத்து அறுகோணம் தைப்பது என்கிறார்களே, அது என்ன?

காகிதத்தில் வெட்டிய அறுகோணத்தின்மேல் துணியைப் போர்த்தி, ஓரத்தைப் பின்பக்கம் மடித்து, தற்காலிகத் தையல் போட்டு நிறுத்துவார்கள். அப்படிச் செய்த இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தைப்பார்கள். காகிதம் உள்ளே இருப்பதால் துணி இழுபடாது, மூலை கூர்மையாக நிற்கும். அளக்க வேண்டாம், கோடு போட வேண்டாம். பஸ்ஸில்கூட நடக்கும்.

அச்சு வாங்கத் தேவையில்லை. பிள்ளையின் காம்பஸை எடுங்கள். ஒரு அங்குலத்துக்குத் திறந்து வட்டம் போடுங்கள். காம்பஸை அசைக்காமல், அதே திறப்பில் வட்டத்தின் மேல் ஆறு புள்ளி வைத்துக்கொண்டே போனால் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். புள்ளிகளை இணைத்தால் பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ள அறுகோணம். அதை ஐஸ்கிரீம் டப்பா மூடியில் வெட்டி வைத்துக்கொண்டு காகிதங்களை அதைப் பார்த்து வெட்டுங்கள். கடிதப் பெட்டியில் வந்து விழும் வீடு விற்கும் விளம்பரத் தாள்கள் இருக்கின்றனவே, அவை சற்று விறைப்பானவை, இதற்கு வெகு பொருத்தம். பின்னால் மை ஒட்டாத தாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈர விரலால் தேய்த்தால் தெரிந்துவிடும்.

துணியை அறுகோணமாகவே வெட்ட வேண்டும் என்பதில்லை. 2½ அங்குலச் சதுரமாக வெட்டி, காகிதத்தை நடுவில் வைத்து, மிஞ்சும் மூலையைக் கத்தரித்தால் போதும். தற்காலிகத் தையலில் காகிதத்தையும் சேர்த்துக் குத்தலாம். குத்தாமல் மூலை மடிப்புகளை மட்டும் பிடித்துத் தைத்தால் பிறகு காகிதம் உருவுவது எளிது. சேர்க்கும் தையலில் காகிதத்தைக் குத்தக் கூடாது, இரண்டு மூன்று இழை துணியை மட்டும் பிடியுங்கள். காகிதத்தில் ஊசி உரசும் ஓசை கேட்டால் ஆழமாகப் போய்விட்டது என்று பொருள். தைத்த நூல் முகப்பில் பல் பல்லாகத் தெரிந்தால் துணியை அதிகம் பிடிக்கிறீர்கள், அல்லது நூலின் நிறம் தவறு. எல்லா நிறத்துக்கும் ஒத்துப்போவது இள சாம்பல் நிறம்.

ஒரு துண்டின் ஆறு பக்கமும் அண்டைத் துண்டுகளோடு சேர்ந்த பிறகே அதன் காகிதத்தை எடுக்க வேண்டும். எடுத்ததைத் திரும்பப் பயன்படுத்தலாம். விளிம்பு வரிசையில் உள்ள காகிதங்களை மட்டும் ஊர் போகும் வரை விட்டுவிடுங்கள்.

துணிக்கு எங்கே போவது?

முதலில் வீட்டு அலமாரிக்கு. மருமகனின் பழைய பருத்திச் சட்டையில் முதுகுப் பகுதி மட்டுமே பல சதுரம் தரும். காலரும் அக்குளும்தான் முதலில் நைகின்றன, முதுகு புதிது போலவே இருக்கும். குழந்தைக்குச் சின்னதாகிப் போன பருத்திச் சட்டைகள், ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சுங்குடி, வீட்டுக்காரர் கட்டிக் கிழித்த கைலி எல்லாம் சேர்த்தி. பனியன் துணி வேண்டாம், அது நீளும்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அரபு ஸ்திரீட் துணிக்கடைகளில் மீட்டர் கணக்கில் பருத்தியும் பாத்திக்கும் கிடைக்கும். சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் வளாகத்திலும் துணிக்கடைகள் உண்டு. லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் சேலை, சுடிதார் கடைகளுக்கு நடுவே தையற்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ரவிக்கை தைத்து மிஞ்சிய டூ பை டூ துண்டுகளைக் கேட்டால் சிலர் ஒரு பையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், சிலர் முறைப்பார்கள். கடையில் கூட்டம் இருக்கும்போது கேட்காதீர்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மெழுகு பூசிச் சாயமேற்றிய பாத்திக்கில் நிறம் இரண்டு பக்கமும் ஊறியிருக்கும். பாத்திக் மாதிரி அச்சடித்த துணியில் பின்பக்கம் வெளிறியிருக்கும். ஒட்டுவேலைக்கு இரண்டும் ஏற்றவையே, விலை மட்டும்தான் வேறாக இருக்க வேண்டும். அது ரேயானா பருத்தியா என்று பாருங்கள். ரேயான் வழுக்கிக்கொண்டு ஓடும். பருத்தியா பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால், கழுவுதொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்து ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாடை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. உருகிக் குண்டுமணியாக உறைந்தால் பாலியஸ்டர்.

எவ்வளவு வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: 5½ மீட்டர் சேலை ஒன்றின் பரப்பு, தையல் ஓரத்தையும் சேர்த்து, 60க்கு 80 மேல்துணி ஒன்றுக்கே போதும். நிறம் வேண்டும் என்பதற்காகத்தான் நாம் பல துணி தேடுகிறோம். எனவே ஒவ்வொன்றிலும் கால் மீட்டர் வாங்குங்கள், அதற்கு மேல் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டும் முன் துவைக்க வேண்டுமா?

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது இங்கே கட்டாய விதி. புதுப் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். துவைத்ததும் துவைக்காததும் ஒன்றாகத் தைக்கப்பட்டால், போர்வை முடிந்து முதல் தடவை நனையும்போது ஒன்று மற்றொன்றைப் பிடித்து இழுக்கும்.

சாயத்துக்குத்தான் அதிகக் கவனம். சிவப்புச் சுங்குடி, கருநீலம், அடர் பச்சை ஆகிய மூன்றையும் நம்பாதீர்கள். ஒரு துண்டைச் சோப்பு போட்ட வெந்நீரில், கண்ணாடித் தம்ளரில், வெள்ளைத் துணித் துண்டோடு சேர்த்து அரைமணி நேரம் ஊறப்போடுங்கள். நீர் நிறம் மாறினாலும் வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தால் பயப்பட வேண்டாம். வெள்ளை இளஞ்சிவப்பாகிவிட்டால், துணியை நாலைந்து தடவை அலசி மறுபடி சோதியுங்கள். அப்போதும் சாயம் விட்டால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு இல்லை. கல்லுப்பு, வினிகர் வைத்தியம் தலைமுறையாக வருகிறது. இன்றைய பருத்திச் சாயங்களை அது கட்டிப்போடாது.

கஞ்சி போட்டால் வெட்ட நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் கஞ்சித் துணியை இந்த ஊர் அலமாரியில் வைப்பது ராமபாணப் பூச்சிக்கு இலை போட்டுப் பரிமாறுவதற்குச் சமம்.

அம்மாவின் சேலையை வெட்ட மனம் வரவில்லை.

வெட்டாதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

மனம் வந்த பிறகு கேட்டால் இதைச் சொல்வேன்: சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தோளில் மடிந்த இடமும் குதிகால் உரசும் ஓரமும் சல்லடையாக இருக்கும். இடுப்பில் முதலில் சுற்றிச் செருகும் உள்பகுதி பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். அங்கிருந்து எடுங்கள். முந்தானை முழுதாக இருக்கட்டும். காஞ்சிப் பட்டாக இருந்தால் முதல் போர்வையில் தொடாதீர்கள். பழம்பட்டு மடிப்பு மடிப்பாக விட்டுப்போகும், ஜரிகை ஊசியைத் தடுக்கும், பருத்தியோடு சேர்த்துத் துவைக்கவும் முடியாது.

விமானத்தில் ஊசி, கத்தரிக்கோல் கொண்டுபோகலாமா?

சென்னையோ திருச்சியோ, ஏறத்தாழ நாலு மணி நேரப் பயணம். சாப்பாட்டு நேரம் போக ஒரு பூவாவது தைக்கலாம். ஆனால் கத்தரிக்கோலை நம்பிப் போகாதீர்கள். கத்தரிக்கோல் அலகு 6 சென்டிமீட்டர் வரை போகலாம் என்பது பல நாடுகளில் உள்ள வரம்பு. அதற்குள் இருந்தாலும் சோதனைச் சாவடியில் நிற்பவரின் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு. துணி வெட்டும் சக்கரக் கத்தியும் அதன் அலகுகளும் சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும். புறப்படும் முன் விமான நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

நான் சொல்லும் வழி: நூலை முன்கூட்டியே முழ நீளத்துக்கு வெட்டி, ஒரு அட்டையில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூல் டப்பாவில் நூலறுக்கும் சின்னத் தகடு இருக்கும், தையல் நூலையும் அது அறுக்கும். ஊசி இரண்டு போதும். பாசமான கத்தரிக்கோல், பாட்டி கொடுத்த கத்தரிக்கோல் எதையும் கைப்பையில் வைக்காதீர்கள்.

எம்ஆர்டி ரயிலில் தைக்கலாமா? அபராதம் போடுவார்களா?

சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் அபராதம் உண்டு, 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. தைப்பதற்கு இல்லை. ஆனால் உட்கார இடம் கிடைத்தால் மட்டுமே ஊசியை எடுங்கள். காலை எட்டு மணிக் கூட்டத்தில் அடுத்தவர் முழங்கை உங்கள் விலாவில் இருக்கும்போது ஊசி யாருக்கும் நல்லதல்ல. மலேசியாவுக்குப் போகும் ஜொகூர் பாலத்தில் நெரிசலில் நிற்கும் பஸ்தான் தையலுக்கென்றே அமைந்த இடம்.

இந்த ஊர் ஈரம் துணியை என்ன செய்யும்?

துணியைவிட ஊசியைத்தான் முதலில் பார்க்கும். துணியில் குத்தி வைத்த ஊசியைச் சில நாள் மறந்துவிட்டால் துருக்கறை விழும். வெளிர்நிறத் துணியில் அது போகவே போகாது. எலுமிச்சையும் உப்பும் தேய்த்தால் கறை மங்கும், கூடவே துணியின் நிறமும் மங்கும். வேலை முடிந்ததும் ஊசி, குண்டூசி எல்லாம் மூடியுள்ள டப்பாவுக்குள் போக வேண்டும். மருந்துப் புட்டியில், காலணிப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் அந்த டப்பாவில் போடுங்கள்.

துணி நன்றாகக் காய்ந்த பிறகே மடித்து வையுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை விட்டு விட்டு வரும். கம்பில் காயப்போட்டது வெளியே உலர்ந்த மாதிரி தெரிந்தாலும் மடிப்பில் ஈரம் இருக்கும், அங்கேதான் கரும்புள்ளி பிடிக்கும். கையில் வியர்வை வருபவர்கள் மடியில் ஒரு பழைய துண்டைப் போட்டுக்கொண்டு தையுங்கள்.

விரித்துப் பார்க்க இடமே இல்லை. நிறத்தை எப்படி அடுக்குவது?

கட்டிலில் பழைய விரிப்பைப் போட்டு அதன்மேல் அடுக்குங்கள். பிடித்த மாதிரி அமைந்ததும் கைப்பேசியில் படம் எடுங்கள். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியவரும்: வெவ்வேறு நிறம் என்று நீங்கள் நினைத்த சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக நிற்கும். வெளிர், நடுத்தரம், அடர்த்தி என மூன்றும் கலந்திருந்தால்தான் தூரத்திலிருந்து பார்க்கும்போது அமைப்பு எடுபடும். ஊர்த் துணிகளை மட்டும் கொண்டுவருபவர்களிடம் நான் பார்க்கும் குறை இதுதான். எல்லாமே அடர்த்தி. அரக்கு, மாம்பழம், மயில்கழுத்து, எல்லாம் ஒன்றோடொன்று போட்டி போடும். ஒரு வெள்ளை வேட்டியை வெட்டி நடுநடுவே சேர்த்துப் பாருங்கள், மற்றவை மூச்சுவிடும்.

படம் எடுத்ததும் ஒவ்வொரு வரிசையையும் அடுக்கி, ஊக்கு குத்தி, வரிசை எண் எழுதிய சீட்டைச் சேர்த்து, தனித்தனிப் பையில் போடுங்கள். அன்றைக்கு ஒரு பை மட்டும் வெளியே வரட்டும்.

கண் பிடிக்கவில்லை, அக்கா.

பகலில் தையுங்கள். இங்கே ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டி இருட்டிவிடும், கோடைக்கால நீண்ட மாலை என்ற பேச்சே இல்லை. விளக்கொளியில் கறுப்பையும் கருநீலத்தையும் பிரித்தறிய முயல வேண்டாம். ஊசி கோக்க ஒரு கம்பிக் கோர்ப்பான் வாங்கிவிடுங்கள். காலையில் பத்து ஊசிகளைக் கோத்து வரிசையாக வைத்துக்கொள்கிற ஓர் ஆச்சியை எனக்குத் தெரியும். பள்ளிக்குப் புறப்படும் பேத்திதான் கோத்துக் கொடுப்பாள்.

வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பயப்படுவது சரிதான். ஊசிகளை எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள். எண்ணிக்கை குறைந்தால் குழந்தையைத் தரையில் விடாமல் முதலில் தேடுங்கள். சிங்கப்பூர் வந்தவர்கள் எல்லாரும் வாங்கும் மெர்லயன் காந்தம் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்குமே, அதைத் தரையில் ஓட்டிப் பாருங்கள், ஒருவழியாக அதற்கும் ஒரு வேலை. காந்தத்தில் ஒட்டாத ஊசி வாங்காதீர்கள். குண்டூசிக்குப் பதில் துணி பிடிக்கும் கிளிப் நல்லது. குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் தைப்பதாக இருந்தால், கீழே விளையாட்டிடத்துக்குக் கூட்டிப்போய், வேறொருவர் பார்த்துக்கொள்ளும்போது மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து தையுங்கள்.

சாங்கிச் சிறையில் பெண்கள் போர்வை தைத்தார்களாமே, உண்மையா?

உண்மை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. மார்ச்சில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, பிற நேசநாட்டுக் குடிமக்களைச் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் ஒரு பக்கம், ஆண்கள் சுவருக்கு அப்பால். படைவீரர்களான கணவர்கள் வேறு முகாம்களில் இருந்தார்கள். உயிரோடு இருக்கிறாரா என்றுகூட ஒருவருக்கு மற்றவரைப் பற்றித் தெரியாது.

எத்தல் மல்வேனி என்ற கனடியப் பெண்மணி, காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்குப் போர்வை தைத்துத் தருவோம் என்றார். ஆளுக்கு ஒரு சதுரத் துணி. அதில் தன்னைப் பற்றி ஏதாவது தைக்க வேண்டும், பெயரையும் தைக்க வேண்டும். ஊரில் விட்டுவந்த வீடு, பூக்கள், அடைபட்டிருந்த சிறையறை என்று அவரவர் மனத்தில் இருந்தது ஊசியில் வந்தது. அப்படி மூன்று போர்வைகள் ஆயின, ஒவ்வொன்றிலும் 66 சதுரம். பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, ஜப்பானியருக்கு ஒன்று. ஜப்பானிய வீரர்களுக்கும் ஒன்று இருந்ததால்தான் மற்ற இரண்டும் வெளியே போக வழி பிறந்தது என்பார்கள். மருத்துவமனையில் ஒருவர் போர்வையில் தன் மனைவியின் பெயரைப் படித்தால், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆஸ்திரேலியப் போர்வையின் பின்பக்கத்தில் வீரர்களுக்கான வாசகத்தோடு, இதை டிரை கிளீனிங் செய்வது நல்லது என்ற குறிப்பையும் தைத்திருக்கிறார்கள். சிறையில் இருந்தாலும் தைத்தவளுக்குத் தன் துணியின் கவலை. அந்த ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் போர்வை லண்டனில், பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது.

அதே சிறையில் சாரணியர் சிறுமிகள் சேர்ந்து, தங்கள் தலைவி எலிசபெத் என்னிஸுக்குப் பிறந்தநாள் பரிசாக, அவருக்குத் தெரியாமல் ஒரு போர்வை தைத்தார்கள். அது அறுகோணப் பூக்களால் ஆனது. கிழிந்த உடைகளிலிருந்து கிடைத்த துண்டுகள், தேடிச் சேர்த்த நூல். இப்போது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரியவர்கள் சதுரத்தையும் சிறுமிகள் அறுகோணத்தையும் எடுத்துக்கொண்டதைக் கவனியுங்கள். மேசை கிடையாது, பெரிய துணி கிடையாது, பலர் தனித்தனியே தைத்துக் கடைசியில் ஒன்றுசேர்க்க வேண்டும். அந்த நிலையில் இந்த இரண்டு வடிவங்களும்தான் கைகொடுக்கும்.

தைத்து முடித்த மேல்துணியை ஊருக்கு எப்படி எடுத்துப்போவது?

விளிம்பு பிரியாமலிருக்க, நாலு ஓரத்திலும் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு சுற்று ஓட்டத் தையல் போடுங்கள். பின்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைக் கத்தரியுங்கள், கறுப்பு நூல் வெள்ளைச் சதுரம் வழியாகத் தெரியும். சூட்டைக் குறைத்து இஸ்திரி போடுங்கள். பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும், தேய்த்தால் இழுபடும். பிறகு மடிக்காமல், பழைய பருத்தித் துண்டோடு சேர்த்து நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்ட வேண்டாம். தலையணை உறைக்குள் வையுங்கள். மிஞ்சிய துணியில் ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டு கூடவே போகட்டும், பிறகு எங்காவது கிழிந்தால் ஒட்டுப்போட உதவும்.

ஊரில் பஞ்சு வைப்பவர்கள் இலவம் பஞ்சு வைக்காதீர்கள். அது மெத்தைக்கும் தலையணைக்கும் நல்லது, போர்வைக்குள் வழுக்கி ஒரு மூலையில் போய்த் திரண்டுவிடும். விரிப்பாக விற்கும் பருத்திப் பஞ்சு அல்லது இரண்டு மடிப்பு வேட்டி வைத்து, கையகல இடைவெளியில் மூன்றடுக்கையும் சேர்த்து முடிச்சுப் போட்டாலே போதும். நெருக்கமாகத் தைக்க நேரமுள்ளவர்கள் தைக்கலாம்.